சீர்நாய்

சகலையைப் பார்த்து வயிறு எரிவதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டியதில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தால், எவன் இலையில் விழுந்த அப்பளம் பெரியது என்று இருவருமே ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் தளவாய்க்குக் காரணமும் இருந்தது. அதற்கு நாலு கால், ஒரு வால், பெயர் துரை.

துரை, அவருடைய சகலை நம்பிராஜன் வீட்டு மானோடி நாய். கயத்தாறுக்கும் கழுகுமலைக்கும் நடுவே இருக்கும் கரிசல்காட்டு ஊர்களில் மட்டுமே உள்ள வேட்டை இனம் அது. ஒட்டிய வயிறு, உயர்ந்த கால், வளையாத வால். மானோடியை யாரும் விற்பதில்லை, வாங்குவதும் இல்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அவள் பிறந்த வீட்டு நாய் ஈன்ற குட்டி ஒன்று சீர்வரிசையோடு கூடவே போகும். சீர்நாய் என்பார்கள். பருத்தி எடுக்க இயந்திரங்கள் வந்து, கழுகுமலை பஸ்ஸில் டிரைவர் இல்லாமல் போய், எத்தனையோ வழக்கங்கள் மண்ணோடு மண்ணான பிறகும் இது மட்டும் போகவில்லை.

மாமனார் பூலுடையார் மூத்த மகள் சண்முகக்கனியைத் தளவாய்க்குக் கட்டிக் கொடுத்தபோது ஒரு குட்டி கொடுத்தார். நாலு வருடம் கழித்து இளைய மகள் பேச்சியம்மாளை நம்பிராஜனுக்குக் கொடுத்தபோது இன்னொன்று கொடுத்தார். தளவாய் வீட்டில் அந்தக் குட்டியின் வம்சம் தலைமுறை தவறாமல் வலிப்பில் விழுந்தது. நம்பிராஜன் வீட்டில் இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றுகூட விழவில்லை. கிழவர் நோயை எனக்குக் கொடுத்துவிட்டு நல்லதைச் சின்ன மாப்பிள்ளைக்கு ஒதுக்கிவிட்டார் என்று தளவாய் முடிவே கட்டிவிட்டார். கேட்கலாம் என்றால் கிழவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன மனிதரிடம் சண்டை பிடிக்க முடியாததால், இருக்கிற சகலையிடம் மனசுக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது தளவாயிடம் மிச்சம் இருந்தது சிட்டு என்கிற ஐந்து வயதுப் பெட்டை ஒன்றுதான். அதற்கும் இரண்டு வயதிலிருந்து வலிப்பு. கழுத்துப்பட்டையில் ஒரு சின்னக் கருவி. விழுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அது வீட்டில் எல்லாருடைய போனிலும் கூவும். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். மாத்திரை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

தை கடைசியில் மகள் வடிவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நகை நட்டு எதுவும் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள். அவர்கள் வீட்டில் முன்பு இருந்த மானோடி, சின்னப் பிள்ளைகளின் கண் எதிரே வலிப்பு வந்து துடித்துச் செத்திருக்கிறது. வருகிற சீர்நாய் எப்படி இருந்தாலும் சரி, விழாத குட்டியாக இருந்தால் போதும் என்றார்கள். சீர்நாய் இல்லாமல் பெண்ணை அனுப்பினால் ஊர் பேசும். விழுகிற குட்டியை அனுப்பினால் மகள் வாழ்க்கை முழுக்கப் பேசும். தளவாய்க்குத் தூக்கம் போனது.

புரட்டாசியில் சிட்டு பருவத்துக்கு வரும் நேரத்தில் கால்நடை மருத்துவர் மெஹருன்னிசா வந்தார். மானோடி வளர்ப்போர் சங்கம் அந்த வருடம் அறுபத்தொரு நாய்களுக்கும் எச்சில் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்திருந்தது. முடிவை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், தளவாய் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"வலிப்புக்கு ஒரு விதை இருக்குன்னு வச்சுக்கோங்க அண்ணாச்சி. தாய்கிட்ட இருந்து ஒண்ணு, தகப்பன்கிட்ட இருந்து ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் வந்தா நாய் விழாது, சும்மா சுமக்கும். ரெண்டு பக்கமும் வந்துட்டா விழும். சிட்டுக்கு ரெண்டு."

மற்ற நாய்கள் எப்படி என்று தளவாய் கேட்டார். ஏறக்குறைய எல்லாமே ஒன்றைச் சுமப்பவை என்றார் மருத்துவர். வலிப்புள்ள பெட்டையை ஈனவிடுவது பொதுவாகத் தப்பு, வேறு இனமாக இருந்தால் தானே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் உலகத்திலேயே இந்த இனத்தில் அறுபத்தொன்றுதான் இருக்கிறது, ஒன்றைக் கழித்தாலும் மிச்சம் இன்னும் நெருங்கிய உறவுக்குள்ளேயே சுற்றும். ஆகவே ஒரே ஒரு ஈற்றுக்குச் சம்மதம். அதுவும் வலிப்பு விதையே இல்லாத ஆண்நாயோடு மட்டும்.

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. நம்பிராஜன் அண்ணாச்சி வீட்டு துரை. அதோட சேத்தீங்கன்னா பொறக்குற குட்டி ஒண்ணுகூட விழாது. போய்க் கேளுங்க, ஒங்க சகலைதானே."

சகலைதானே என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் அந்தப் பெண். அன்று முழுக்கத் தளவாய் சரியாகச் சாப்பிடவில்லை.

பெட்டை வைத்திருப்பவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஆண்நாய் இருக்கும் வீட்டுக்குப் போய்க் கேட்கவேண்டும் என்பது முறை. கொடுப்பவன் வாசலில் கேட்பவன் நிற்கவேண்டும். சண்முகக்கனி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் போகிறீர்களா இல்லை நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அதற்குப் பயந்துதான் அவர் கிளம்பினார்.

வழியெல்லாம் அவர் ஒரு விஷயத்துக்காக வேண்டிக்கொண்டார். சகலை கொஞ்சம் இழுத்தடிக்க வேண்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று முகத்தைத் தூக்க வேண்டும். அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இருபத்திரண்டு வருட எரிச்சலுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். நம்பிராஜனோ தட்டைப் பார்த்ததும் பதறிப்போய் வாங்கிக் கீழே வைத்தார்.

"என்னண்ணே இது, நமக்குள்ள தட்டெல்லாமா? வடிவு எனக்கும் மகதானே. என்னைக்குத் தோதுப்படும்னு சொல்லுங்க, நானே துரையக் கூட்டிட்டு வந்துடுறேன்."

தளவாய் நொந்துபோனார். கொடுக்க மாட்டேன் என்பவனைத் திட்டலாம். அள்ளிக் கொடுப்பவனை என்ன செய்வது? துரை வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. கொழுந்தியாள் பேச்சியம்மாள் அதிரசம் கொண்டு வந்தாள். தின்ற அதிரசம் நெஞ்சிலேயே நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், அது முடிந்து வருகிற வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கூட்டம் கழுகுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அந்த வருடத்து விசேஷம் வம்சத்திரை. ஒரு நாயின் எச்சிலில் எழுதியிருப்பதை வாசித்து, மற்ற நாய்களோடு ஒத்துப் பார்த்து, அதன் முன்னோர்களை ஒவ்வொன்றாகத் திரையில் நடக்கவிடும் இயந்திரம். உயரம், நிறம், காதின் மடிப்பு முதற்கொண்டு காட்டும். செத்துப்போன நாய்கள் நடந்து வருவதைப் பார்க்க ஊர்ப்பட்ட ஜனம் கூடியிருந்தது. வருடா வருடம் ஓட்டத்தில் ஜெயிக்கும் நாய் என்ற மரியாதைக்காக முதலில் துரையைத் திரையில் ஏற்றினார்கள்.

துரையின் தாய் வந்தது, தகப்பன் வந்தது, பாட்டன் பாட்டி வந்தார்கள். எல்லாம் ஒட்டிய வயிறும் நீண்ட காலும். ஜனம் கைதட்டியது. ஐந்தாம் தலைமுறையில் நம்பிராஜனுக்குச் சீராக வந்த அந்தக் குட்டி நடந்து வந்தது. அதற்குப் பின்னால் அதன் தகப்பன் வந்தான். குட்டைக் கால், சுருட்டை வால், ஒரு காது மடங்கிய செவலை. டீக்கடை வாசலில் பன்னுக்குக் காத்துக் கிடக்குமே, அந்த ரகம். மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நம்பிராஜன் தலையைக் குனிந்துகொண்டார்.

தளவாய் சிரிக்கவில்லை. அவருக்குள் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அப்படியானால் கிழவர் சின்ன மாப்பிள்ளைக்குக் கொடுத்தது தெருநாய்க்குப் பிறந்ததை. நல்லதைப் பொறுக்கி மூத்த மாப்பிள்ளைக்கு, தனக்குத்தான், கொடுத்திருக்கிறார். இத்தனை வருடமும் நெஞ்சில் கிடந்த கல் அந்த நிமிடம் உருண்டு விழுந்தது. அதோடு அவர் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக எரிந்த அடுப்பை விறகை உருவியவுடன் அணைத்துவிட முடியாது. நம்பிராஜன் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும் போல இருந்தது. தளவாய் எழுந்தார்.

சங்கத்தின் விதிப் புத்தகத்தில் நாலாவது விதி என்ன சொல்கிறது என்று செயலாளர் ஆறுமுகநயினாரைக் கேட்டார். ஏழு தலைமுறைக்குள் பிற ரத்தம் கலந்த நாயைப் பதிவேட்டிலிருந்து நீக்கி ஒரு மாதத்துக்குள் கருத்தடை செய்யவேண்டும் என்கிறது அது. இதுவரை எவராலும் நிரூபிக்க முடியாததால் தூங்கிக்கொண்டிருந்த விதி. மெஹருன்னிசா குறுக்கே எழுந்து, இந்த இனத்துக்கு இருக்கிற ஒரே மருந்தைக் குப்பையில் போடப் பார்க்கிறீர்கள் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. துரையைப் பார்த்து எரிந்த வயிறு தளவாயுடையது மட்டுமா? கை தூக்கச் சொன்னதும் மண்டபமே தூக்கியது. தன் மகளுக்குக் குட்டி வேண்டும் என்பது கையை இறக்கும்போதுதான் தளவாய்க்கு ஞாபகம் வந்தது. விழாத வேறு ஏதாவது ஆண்நாய் கிடைக்காமலா போகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். நம்பிராஜன் துரையைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே. அடுத்து ஆறுமுகநயினாரின் நாயை ஏற்றினார்கள். மூன்றாம் தலைமுறையில் ஒரு சுருட்டை வால் ஆட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பு பாதியானது. அடுத்த நாய்க்கு நாலாம் தலைமுறையில் ஒரு குட்டைக் கால். அதற்கடுத்ததற்கு ஆறாம் தலைமுறையில் உடம்பெல்லாம் சடையாக ஒன்று, அது எந்த ஊர்ப் பிராணி என்றே தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முப்பது நாய்கள் பதிவேட்டை விட்டுப் போயின. சாயங்காலத்துக்குள் அறுபது. கடைசியாகச் சிட்டு ஏறியது. ஏழு தலைமுறைக்கும் நேர்வால், நேர்கால், கூர்மூக்கு. ஒரு மாசு இல்லை. கைதட்டத்தான் ஆள் இல்லை.

மெஹருன்னிசா களைத்துப்போன குரலில் சொன்னார். "இப்பதான் எனக்கே வெளங்குது. இந்த இனத்துல ஆதியில எல்லா நாய்க்கும் ரெண்டு பக்கமும் வலிப்பு விதைதான் இருந்திருக்கு. நல்ல விதை எங்கயெல்லாம் இருக்கோ அங்கயெல்லாம் அது வேலி தாண்டி வந்திருக்கு. சுத்தமா இருக்குன்னா நோய் முழுசா இருக்குன்னுதான் அர்த்தம் அண்ணாச்சி."

மறுநாளே சங்கத்துக்காரர்கள் விதியை ரத்து செய்யக் கிளம்பினார்கள். புத்தகத்தைப் புரட்டியதும் ஒன்பதாவது விதி பல்லை இளித்தது. பதிவுள்ள நாய் வைத்திருப்பவர்தான் விதியை மாற்ற வாக்களிக்க முடியும். பதிவுள்ள நாய் உலகத்தில் ஒன்று. வாக்கும் ஒன்று. அது தளவாய் கையில் இருந்தது.

அந்த ஐந்து நாட்கள் அவர் வாழ்க்கையிலேயே உயர்ந்த நாட்கள். போன வாரம் வரை நாய் விழுந்ததா அண்ணாச்சி என்று நக்கலாகக் கேட்டவர்கள் ஆப்பிள் பையோடு வந்து வாசலில் நின்றார்கள். யோசிக்கணும் என்று அவர் சொல்வார். அதைச் சொல்லும்போது வாயில் ஊறிய ருசி எந்த அதிரசத்திலும் வராது. முதல் எண் போட்ட சிட்டுவின் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். சண்முகக்கனி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்று கேட்கக்கூட அவள் வாய் திறக்கவில்லை. அதையும் அவர் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் மத்தியானம் எல்லா போன்களும் கூவின. சிட்டு சாதாரணமாக இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். அன்று தெளியவில்லை. கால்கள் தரையை உதைத்துக்கொண்டே இருந்தன, வாயில் நுரை தள்ளியது, கண் திறந்தபடி எதையும் பார்க்காமல் இருந்தது. வடிவு அதன் தலை தரையில் மோதாமல் தன் மடியை அணைவாகக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவசர மருந்து உள்ளே போய்ப் பதினோரு நிமிடம் கழித்துத்தான் உடம்பு அடங்கியது. அவள் சேலை முழுக்க மூத்திரம். அவள் எழுந்திருக்கவில்லை.

"இப்படி ஒண்ணை நான் அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேம்ப்பா. குட்டியே இல்லாமப் போறேன். நீங்க ஒங்க சர்ட்டிபிகேட்டை வச்சுக்கோங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பார். அன்று சாயங்காலமே ஆறுமுகநயினாரை வரச்சொல்லி, நாலாவது விதியை ரத்து செய்யும் தாளில் கையெழுத்துப் போட்டார். மருத்துவர் வந்து மருந்தை மாற்றிக் கொடுத்து, இரண்டு நாளில் உடம்பு தேறிவிடும், பருவம் இன்னும் நாலைந்து நாள் நிற்கும் என்றார். மூன்றாம் நாள் காலையில் தளவாய் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு சகலை வீட்டுக்குக் கழுகுமலை பஸ் ஏறினார். இந்தத் தடவை அவர் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை தேடிக்கொண்டே போனார்.

நம்பிராஜன் கையெழுத்துத் தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். பிறகு மடித்துத் திரும்பக் கொடுத்தார். துரை உள்ளே படுத்திருந்தது. அதன் அடிவயிற்றில் மயிர் மழித்துத் தையல் போட்டிருந்தது.

"கூட்டம் முடிஞ்ச மறுநாளே பண்ணிட்டேண்ணே."

ஒரு மாதம் தவணை இருந்ததே, ஏன் இப்படி அவசரப்பட்டாய் என்று தளவாய் கேட்டார். நம்பிராஜன் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"மாமா குட்டியக் கையில குடுக்கும்போதே சொல்லிட்டாரு. மாப்ளே, நல்லது மூத்தவருக்குப் போயிருச்சு. இது தெருநாய்க்குப் பொறந்தது, இருக்கிறது இதுதான்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒங்க நாயத்தாண்ணே பாப்பேன். விழுந்தா என்ன, அது சுத்தம். என்னுது ஓடும், செயிக்கும், ஆனா கள்ளம். என்னைக்காவது வெளிய வரும்னு பயந்துகிட்டே இருந்தேன். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. ஒங்க சிட்டு மட்டும் தேறிச்சுன்னு கேள்விப்பட்டதும் எரிஞ்சுச்சு பாருங்க, விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டேன். இருபத்திரண்டு வருசமா எனக்கு ஒங்களப் பாத்துத்தான் வயித்தெரிச்சல்."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் தளவாய் ஆயுசு முழுக்க ஏங்கியிருந்தார். மறைப்பதில் என்ன இருக்கிறது, கேட்ட கணத்தில் இனிக்கத்தான் செய்தது. அந்த இனிப்பு தொண்டையை விட்டு இறங்குவதற்குள் துரை எழுந்து வந்து சிட்டுவை முகர்ந்து பார்த்து வாலாட்டியது. அதற்குத் தனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. தளவாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஒங்களப் பாத்து, சகல," என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பேச்சியம்மாள் காபித் தம்ளர்களோடு கதவோரம் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்ளர்களைக் கொடுக்காமல் ஜன்னல் மேல் வைத்தாள்.

"அத்தான், எங்கப்பா எங்க ரெண்டு பேரத்தான் ஒங்க ரெண்டு பேருக்கும் கட்டிக் குடுத்தாரு. நாய இல்ல."

அவளே மருத்துவருக்குப் போன் போட்டாள். நல்ல விதை வேலி தாண்டி வந்ததென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் இருக்குமா என்று கேட்டாள். ஏராளமாக இருக்கும் என்றார் மெஹருன்னிசா. ஆனால் தெருநாய்தானே என்று சோதிக்காமல் சேர்க்கக் கூடாது, அதற்கும் அதற்குரிய நோய்கள் உண்டு, எச்சில் எடுத்து வையுங்கள், மத்தியானம் இயந்திரத்தோடு வருகிறேன் என்றார். வால் சுருட்டையாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது சொல்வார்களா என்று தளவாய் இழுத்தார். அவர்கள் வாலைப் பற்றியா கேட்டார்கள் என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

சகலைகள் இருவரும் ஆளுக்கு ஒரு பன் பொட்டலமும் எச்சில் எடுக்கும் குச்சியுமாகத் தெருவில் இறங்கினார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூடத் தளவாய் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. பஸ் நிலையத்தருகே கம்பீரமாக ஒரு கறுப்பனைக் கண்டுபிடித்து எச்சில் எடுத்தார். நம்பிராஜன் ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த சோப்ளாங்கியை எழுப்பி எடுத்தார். மத்தியானம் முடிவு வந்தது. கறுப்பனுக்கு இதயத்தில் பரம்பரைக் கோளாறு. சோப்ளாங்கிக்கு ஒரு குறையும் இல்லை, வலிப்பு விதை இரண்டு பக்கமும் கிடையாது.

நம்பிராஜன் பொறுக்கியதுதான் தேறியது. தளவாய்க்கு வயிற்றுக்குள் பழைய இடத்தில் சுருக்கென்றது. சிட்டுவின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சகலைக்குப் பின்னால் அந்தப் பெட்டிக்கடையை நோக்கி நடந்தார்.